ஊர் பேருக்குப் பெட்டி எடுக்காத கார்கோ கடை

சிங்கப்பூர் தேக்கா சந்தைப் பக்கமிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து, கேம்பல் லேன் பூமாலைக் கடைகளைத் தாண்டி டன்லப் ஸ்திரீட் பக்கம் திரும்பினால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்தக் கடை. பலகை இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் எப்போதும் பெட்டி அடுக்கியிருப்பதால் பாதி எழுத்துதான் தெரியும். நான் ஏழு வருடமாக இங்கேதான் தமிழ்நாட்டுக்குச் சாமான் போடுகிறேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

முதலில் எல்லாரும் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் போட்டபோது கடல் வழி கிலோவுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 80 காசு, ஆகாய வழி 7 வெள்ளி. வீட்டு வாசல் வரைக்கும் சேர்த்துத்தான் இந்த விலை. பக்கத்துத் தெருவில் 20 காசு குறைவாகப் போடுகிறார்கள், தெரியும். காலிப் பெட்டி இவர்களே தருவார்கள், பெரியது 5 வெள்ளி. பாஸ்போர்ட் நகல் கட்டாயம். பவர் பேங்க், தனி பேட்டரி எடுக்கவே மாட்டார்கள், கெஞ்சிப் பார்க்காதீர்கள். கோடாலித் தைலம் எத்தனை பாட்டில் வைத்தாலும் அக்கா ஒவ்வொன்றாக எண்ணி, மூடியைத் திருகிப் பார்த்து, பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டச் சொல்வார். ஒருமுறை யாரோ வைத்த தைலம் உடைந்து மூன்று பேருடைய மைலோவும் தைல வாசனை அடித்ததாம். அதிலிருந்து அவருக்கு அந்தப் பயம்.

அக்கா என்றால் கடைக்கார அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் முதல்முறை போனபோது அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

"யாரு வாங்குவா?"

"ஊருக்குத்தான் அக்கா. பொதுவா."

"ஊரு வந்து கையெழுத்து போடுமா? ஊர் பேருக்கெல்லாம் நான் பெட்டி எடுக்கிறதில்ல தம்பி. ஆள் பேரு சொல்லு, போன் நம்பர் சொல்லு. பத்து வீட்டுக்குன்னா பத்து பெட்டியா கட்டு."

எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. அக்கா பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார். காரணம் சொல்ல வேண்டுமென்றால் 2018க்குப் போக வேண்டும்.

என் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலையில் இருந்தேன். இரண்டு நாள் வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா யாரோ ஒருவர் போனிலிருந்து பேசி, "தென்னை ஒண்ணு கூட நிக்கல, கூரை போச்சு, நாங்க இருக்கோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டது. கரண்ட் வரப் பல வாரம் ஆனது. லாரிகளில் வந்த சாமான் மெயின் ரோட்டு ஊர்களிலேயே நின்றுபோனது. மரம் விழுந்து மூடிய உள் ஊர்களுக்கு அது வரவே இல்லை.

எங்கள் டார்மிட்டரியில் அந்தப் பக்கத்து ஆட்கள் முப்பத்தொரு பேர் இருந்தோம். ஆளுக்கு நூறு வெள்ளி போட்டோம். (பொதுமக்களிடம் வெளிநாட்டுக்கென்று பணம் திரட்டினால் இங்கே அறநிறுவன ஆணையரிடம் பெர்மிட் வேண்டும். நாங்கள் எங்களுக்குள்ளேதான் போட்டுக்கொண்டோம். புதிதாகக் கிளம்பும் தம்பிகள் இதைக் கவனியுங்கள்.) தார்ப்பாய், கொசுவலை, டார்ச், போர்வை, பால் மாவு என்று பதினான்கு பெட்டி. நடுவில் ஆரஞ்சுக் கோடு போட்ட நீலத் தார்ப்பாய், அறுபது. ஆகாய வழியில் போட்டோம், வேறொரு கார்கோ கடையில். அந்தக் கடை இப்போது இல்லை. "யார் பெயரில்?" என்று அங்கே யாரும் குடையவில்லை. ஒரு விலாசம் போதும் என்றார்கள்.

யார் பெயரில் என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் பெயரில் போடலாம் என்றால் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்று, பழையவர்களின் பதவிக்காலமும் முடிந்து, ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கிராமப்புறத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் கடைசியில். ஆக, தமிழ்நாடே புயலுக்கு ஆடியபோது எங்கள் ஊரில் நாங்கள் ஓட்டுப்போட்டு உட்காரவைத்த ஒரு ஆள் கூட இல்லை. தனி அலுவலருக்குப் பல ஊர்கள், எங்கே என்று ஓடுவார்? அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். வீடு பெரியது, மச்சு வீடு, சாமான் நனையாது. ஊர்த்தெருப் பையன்கள் அவர் பெயரைச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். பதினான்கு பெட்டியிலும் அவர் விலாசத்தை எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் மார்க்கர் பேனாவைக் கொடுத்தார்கள்.

நான் காலனிக்காரன், தலித். எங்கள் பக்கம் நாற்பத்திரண்டு வீடு.

பெட்டி போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைக்காரர் சொன்ன நாளில், ஒன்று கூடக் குறையாமல். சேவை என்று பார்த்தால் குறை சொல்லவே முடியாது. போட்டோவும் வந்தது: பதினான்கு பெட்டி, பின்னால் கரை வேட்டியில் கிளைச் செயலாளர், பக்கத்தில் நாலு பேர். சாமானில் தலைவர் படம் ஒட்டவில்லை, அந்த மட்டில் நல்லவர். 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்கள் மேல் முதல்வர் படம் ஒட்டிய ஸ்டிக்கர் உலகமெல்லாம் நாறிய பிறகு எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். ஸ்டிக்கருக்குப் பதில் டோக்கன். பழைய கட்சி நோட்டீசைக் கிழித்து, பின்பக்கம் நம்பர் எழுதி, கீழே ஒரு சுழிக் கையெழுத்து. டோக்கன் மூன்று தெருவுக்குப் போனது. காலனியில் கேட்கப் போனவர்களிடம், "உங்களுக்குத்தான் கவர்மெண்டுல தனியா வருமே" என்றாராம். அதோடு, போன தேர்தலில் காலனி ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அவருக்குக் கணக்குத் தெரியும். எங்கள் ஆட்களிலேயே அவர் கட்சியில் இருந்த மூன்று வீட்டுக்கு மட்டும் டோக்கன் கிடைத்தது. ஆக, சாதி ஒரு சல்லடை, அதற்குக் கீழே கட்சி இன்னொரு சல்லடை.

அம்மா போனில் சொன்னது இதுதான்: "நீ அனுப்புன நீலப் பாய் அவங்க மாட்டுக் கொட்டாய் மேல கிடக்குதுப்பா. ஆரஞ்சுக் கோடு தெரியுது."

நாங்கள் வீட்டுக்கு மேல் பனைமட்டை போட்டிருந்தோம்.

அரசாங்கத்தில் தனியாக வந்ததா என்று கேட்பீர்கள். முழுதாகப் போன குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தார்கள். தென்னை மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஆனால் தென்னைப் பணம் மரத்துக்குச் சொந்தக்காரருக்கு. அந்த மரத்தில் முப்பது வருடம் ஏறி இறங்கிய என் அப்பாவுக்கு அதில் என்ன? குடிசைக் கணக்கு எடுக்க விஏஓ வந்தபோது கூடவே நடந்து வந்து இது முழுச் சேதம், இது பாதி என்று கைகாட்டியதும் அதே செயலாளர்தான்.

சித்தப்பா மகன் போய்க் கேட்டான். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பான், அவன் சுபாவம் அப்படி. மறுநாள் ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். என்ன கேஸ் என்று சொல்லவில்லை, எழுத்தில் ஒன்றும் இல்லை. காலையில் விட்டபோது இரண்டு பாதமும் வீங்கியிருந்ததாம். புயலை ஒட்டி அந்தப் பக்கமெல்லாம் ஒரே சூடு. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் மறியல் முற்றி அரசு வாகனங்கள் எரிந்து, பலரைக் கைது செய்திருந்தார்கள். அந்தச் சூட்டில், சத்தம் போட்டவன் எவனாக இருந்தாலும் அவன் கலவரக்காரன்.

பிற்பாடுதான் ஒரு வக்கீல் சொன்னார். கைது செய்தால் அதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் இதைச் சொன்னபோது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இன்னொன்றும் சொன்னார்: 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 61ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிவாரணம் கொடுப்பதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு செய்யக் கூடாது. நான் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். கட்சி என்ற சொல் அதில் இல்லை. செயலாளரைக் கேட்டால், "நான் சாதி பாக்கலப்பா, டோக்கன் இருக்கறவனுக்குக் கொடுத்தேன்" என்பார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். 2021இல் ஆட்சி மாறியது, சில மாதத்தில் அவர் வேட்டியின் கரையும் மாறியது. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார்.

இதையெல்லாம் நான் அக்காவிடம் அன்று சொல்லவில்லை. "முன்னாடி ஒரு தடவை ஊர் பேருக்கு அனுப்பி வேற ஆளுக்குப் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். அவர் பெரிதாக அதிர்ச்சியெல்லாம் படவில்லை. "சுனாமி நேரத்துல இதையே பாத்தாச்சு தம்பி" என்றார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு இங்கிருந்து போன சாமானில் நிறைய அவர் கை வழியாகப் போயிருக்கிறது. அங்கே தலித் மக்களை முகாமில் சேர்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியில் கைவைக்க விடவில்லை, வந்த சாமானில் பங்கு தரவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுதியதுதான். ஆனால் அக்காவின் கணக்கு வேறு. "யாரோ எடுத்துக்கிட்டான்னு போட்டவன் இங்க வந்து என்கிட்ட சண்டை போடறான். வாங்கினவன் பேரு இருந்தா எனக்குச் சண்டை இல்ல." கடை நடத்துகிறவரின் நியாயம் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. தர்மம் பேசுகிற எத்தனையோ பேரை விட, தனக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று நினைத்த இந்த அம்மா போட்ட விதிதான் என் அம்மா வீட்டுக்குத் தார்ப்பாயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இங்கே நடக்கும் முறை இது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். மேலே வாங்குபவர் பெயர், அப்பா அல்லது வீட்டுக்காரர் பெயர், இரண்டு போன் நம்பர், வாசலுக்கு அடையாளம். தமிழில்தான் எழுதச் சொல்வார்கள், அங்கே வண்டி ஓட்டுகிற தம்பிக்கு அதுதான் வசதி. பெட்டி திருச்சி வந்ததும் வாங்குபவருக்கே நேராகப் போன் போகும். ஊரில் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்ததும் வாசலில் வைத்து ஆளும் பெட்டியுமாக ஒரு போட்டோ நம் வாட்ஸ்அப்புக்கு வரும். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அனுப்ப எனக்கு வசதி கிடையாது. மழைக்கு முன்னால் வருடத்துக்கு ஏழெட்டுப் பெட்டி, எங்கள் காலனிப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து. எந்த வீடு என்று நாங்களே பட்டியல் போடுகிறோம். அதிலும் சண்டை வராமல் இல்லை. போன வருடம் என் பெரியம்மா வீட்டை நான் முதலில் எழுதிவிட்டேன் என்று ஒருவன் பதினைந்து நாள் பேசவில்லை. அவன் கேட்டது நியாயம்தான், பெரியம்மா வீடு மாடி வீடு.

பணமாகவே அனுப்பலாமே என்பார்கள். அதுவும் அனுப்புகிறேன். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்த பிறகு போனிலிருந்தே போய்விடுகிறது. நடுவில் ஒரு மனுஷன் இல்லை என்பதில் எனக்கு அதுவும் பிடித்த சேவைதான். ஆனால் புயல் அடித்த வாரத்தில் ஏடிஎம் ஓடாது, டவர் இருக்காது, வேதாரண்யம் கடைத்தெருவில் தார்ப்பாய் விலை ஒன்றுக்கு மூன்றாக ஏறியிருக்கும். அப்போது பணம் வெறும் நம்பர். அதனால் நாங்கள் புயலுக்கு முன்பே, கடல் வழியில், மலிவாக அனுப்பிவைத்துவிடுகிறோம். ஆகஸ்டில் போட்டால் ஐப்பசி மழைக்கு வீட்டில் இருக்கும்.

வரிசையில் நிற்கும்போது நல்ல பேச்சுத்துணை கிடைக்கும், அதையும் சேவையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கிளிநொச்சிக்காரர் ஒருவர் எனக்குப் பின்னால் நின்றார். இலங்கைக்கு இந்தக் கடை எடுப்பதில்லை, விசாரிக்க வந்தவர். என் கதையை அவரிடம் முழுதாகச் சொன்னேன். சிரித்தார். "உங்கட ஊரில செயலாளர், எங்கட ஊரில விதானையாரின்ர லிஸ்ட். முந்தி சமுர்த்தி, இப்ப அஸ்வெசும. பேர் வருமோ வராதோ எண்டு சனம் அலையுது" என்றார். (விதானையார் என்றால் அங்கே கிராம அலுவலர். சமுர்த்தி, அஸ்வெசும இரண்டும் அரசு உதவித் திட்டங்கள்.) சுனாமிப் பணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பகிர்வதற்கு 2005 ஜூனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், அதை எதிர்த்து அரசில் இருந்த ஜேவிபி கட்சி அதற்கு முன்பே வெளியேறியிருந்தது, அடுத்த மாதமே நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை நிறுத்திவைத்தது என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். அவர் அப்போது தகரக் கொட்டகையில் இருந்த சின்னப் பையன். 2022இல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு முதல் கப்பலில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால் மாவும் போனதைப் பற்றிக் கேட்டேன். தமிழருக்கு மட்டும் என்று அனுப்ப வேண்டாம், எல்லாருக்குமாக அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழர் தரப்பிலிருந்தே சொன்னதாக முதல்வர் சட்டமன்றத்தில் பேசியது எனக்கு நினைவிருந்தது. "அது சரியான முடிவுதான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா எல்லாருக்கும் எண்டாலும் ஆரோ ஒருத்தர் லிஸ்ட் எழுதத்தானே வேணும்" என்றார். அதற்குள் என் முறை வந்துவிட்டது.

சிங்கப்பூரில் எனக்கு இப்படி நடந்ததா? 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக டார்மிட்டரியைப் பூட்டியபோது மூன்று வேளையும் பொட்டலம் வந்தது. சாதி கட்சி பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஊசிப்போன சாம்பார். சோற்றில் பாரபட்சம் இல்லை. கதவை எங்களுக்கு மட்டும் அத்தனை மாதம் பூட்டிவைத்தது வேறு கணக்கு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, அந்த ஒரு நட்சத்திரம். தராசு அரைக் கிலோவை எப்போதும் மேலேதான் தள்ளும். டேப்புக்குத் தனியாக 2 வெள்ளி, அநியாயம். பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் "வந்துக்கிட்டே இருக்கு" என்ற ஒரே பதில்தான் எப்போதும். இதெல்லாம் சில்லறைக் குறை. பெரிய குறை, முதல் தடவை நடந்தது. வண்டிக்காரத் தம்பி மெயின் ரோட்டில் நின்றுகொண்டு, "காலனிக்குள்ள வண்டி வராது, டீக்கடைல வச்சுட்டுப் போறேன், வந்து எடுத்துக்கோங்க" என்றிருக்கிறான். ரோடு இருக்கிறது, சிமெண்ட் ரோடு, தண்ணி லாரியே வரும். டீக்கடை யாருடையது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அம்மா போகமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. நான் வேலை நேரத்தில் சாரத்தின் மேலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். (கம்பெனியில் பார்த்திருந்தால் அன்றே சம்பளத்தில் கை வைத்திருப்பார்கள்.) அக்கா அந்தத் தம்பியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. முக்கால் மணி நேரத்தில் எனக்குப் போட்டோ வந்தது. எங்கள் வாசல், பெட்டி, பெட்டி மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா. பின்னால் வண்டி.

அதற்கப்புறம் ஒருமுறையும் வண்டி வெளியே நின்றதில்லை. ஆனாலும் முதல் தடவை நின்றது நின்றதுதான். அந்த நட்சத்திரத்தை நான் தரமாட்டேன், அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "சரி, வச்சுக்கோ" என்றார்.

ஞாயிறு போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். ஒரு மணிக்கு அக்கா சாப்பிடப் போனால் இரண்டரைக்குத்தான் வருவார், இருக்கிற பையனுக்கு எடை போடத் தெரியாது. மார்க்கர் பேனா நீங்களே கொண்டு போங்கள், கடையில் இருப்பது எழுதாது.